வாடைக் காலத்தில் சிறு பாய்ப்படகுப் போட்டி: ராமநாதபுரம் கரையில் நடத்தவும் ஓட்டவும் ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசியில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் நம் கரையில் பலர் பாய்ப்படகைக் கவிழ்த்துப்போட்டுத் தார்ப்பாய் மூடிவிடுகிறார்கள். மழை, புயல் பயம், கலங்கிய கடல் என்று காரணமும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பந்தயத்துக்கு இதைவிட நல்ல பருவம் நமக்குக் கிடையாது. மழை ஓய்ந்த மார்கழியிலும் தையிலும் வாடை பெரும்பாலும் ஏமாற்றாது. திசை பெரிதாக மாறாது. வெயிலும் மண்டையைப் பிளக்காது.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். போட்டியைச் சுருக்க வேண்டும். நெடுந்தூரம் போய்வரும் ஒரே ஓட்டத்துக்குப் பதிலாக, கரையிலிருந்து கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தூரத்தில் சின்னத் தடம் போட்டு, 20 நிமிடத்தில் முடிகிற ஓட்டங்கள் நாலைந்து வைக்க வேண்டும். குளிர் நாடுகளின் கிளப்புகளும் பனிக்காலத்தில் இப்படித்தான் நடத்துகின்றன. அங்கே தண்ணீரே ஆளைக் கொல்லும் குளிர். விழுந்தவரை உடனே தூக்கியாக வேண்டும் என்பதால் தடம் சிறிதாகிறது. நம் கடல் மார்கழியிலும் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குச் சின்னத் தடம் வேண்டியிருப்பது காற்றுக்காகவும், ஆழமில்லாத கடலில் எழும் நெருக்கமான அலைக்காகவும், திடீரென்று இறங்கும் மழைக்காகவும்.

பத்துப் பதினைந்து படகு, இருபது முப்பது பேர் உள்ள ஊர்க் கிளப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆப்டிமிஸ்ட், லேசர் என்று நாம் பழகிய ஒற்றை ஆள் படகுகள்தான் கணக்கு.

முதலில் எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள்

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தொண்டி, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம், ஆற்றங்கரை, பிரப்பன்வலசை, அரியமான் வழியாக மண்டபம் வரை வடகடல், அதாவது பாக் விரிகுடா. சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் கலங்கிக் கிடக்கும்; தென்கடலின் கரையோரம் குளம் மாதிரி இருக்கும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகளை அமைதியான பக்கம் கூட்டிப் போவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த யோசனை தவறு. தென்கடலில் வாடை நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரைக்குப் பக்கத்தில் அலை எழாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். அங்கே ஒரு சுக்கான் உடைந்தாலோ, பாய் கிழிந்தாலோ, ஒரு பிள்ளை சோர்ந்துவிட்டாலோ படகு வெளிக்கடலை நோக்கித்தான் போகும். கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தாண்டியதும் காற்று முழுசாகப் பிடிக்கும், அலையும் ஏறும். அதற்கு வெளியே இருக்கும் தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

வடகடலில் வாடை கரையை நோக்கி, அல்லது கரைக்குச் சாய்வாக உள்நோக்கி அடிக்கிறது. படகு இறக்கக் கஷ்டப்படுவீர்கள், நனைவீர்கள். ஆனால் எது உடைந்தாலும் படகு மணலில் வந்து நிற்கும். இதனால்தான் தொடக்கக்காரர்களுக்கு அலையடிக்கிற வடகடலையே சொல்கிறேன். நன்றாகப் பழகியவர்களுக்கு, இரண்டு பாதுகாப்புப் படகு இருந்தால், தென்கடலில் ஒரு நாள் வைக்கலாம். தட்டையான தண்ணீரில் கிடைக்கிற வேகம் தனி.

வடகடலிலும் பாம்பனுக்கு அருகே வேண்டாம். இந்தப் பருவத்தில் நீரோட்டம் பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே இழுக்கும். பாலத்தை ஒட்டி அது என்ன வேகத்தில் போகும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆற்றங்கரைக்கும் அரியமானுக்கும் நடுவிலும் தேவிபட்டினத்துக்கு வடக்கேயும் இடம் தாராளமாக இருக்கிறது.

நாள் குறிப்பது

கார்த்திகை முடியும்வரை தேதியை உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். வங்கக் கடல் தாழ்வு மண்டலங்களின் காலம் அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்த பிறகும் நம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்றது. மார்கழிப் பாதியிலிருந்து மாசி வரை தொடரை வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள், நாளுக்கு நாலைந்து ஓட்டம். பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள். தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாக்களையும் பொங்கலையும் ஒட்டிப் பெரிய பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கும். நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதைக் காட்டுவதே ஒரு பாடம். காற்று ஏறும்போது ஆட்கள் பலகையில் வெளியே ஏறி உடம்பால் படகை நிமிர்த்துவதைப் பார்த்துவிட்டால், லேசரில் ஏன் முதுகை வெளியே சாய்க்கச் சொல்கிறோம் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

கிழமையைத் தீர்மானிக்குமுன் மீனவ கிராமத்தில் பேசுங்கள். நம் பக்கம் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. நாட்டுப்படகு நாளில் கரையோரம் நண்டுவலையும் செவுள்வலையும் கிடக்கும். அதோடு ஊருக்கு ஊர் தொழிலுக்குப் போகாத நாள் வேறு: சில ஊரில் வெள்ளி, சில ஊரில் ஞாயிறு. கிராமத் தலைவரைப் பார்த்து, "அண்ணே, இந்த இடத்துல ஞாயித்துக்கிழம ஒம்பதரைலருந்து பன்னெண்டு வரைக்கும் பிள்ளைகள ஓட விடலாமா, வலை கெடக்குமா?" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். வலை இருக்கும் என்றால் நீங்கள்தான் இடத்தை மாற்ற வேண்டும். கடல் அவர்களுக்குத் தொழில், நமக்கு விளையாட்டு. இந்த வரிசையை மறந்த கிளப் அந்தக் கரையில் நீடிக்காது.

கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் மண்டபம் கடலோரக் காவல்படைக்கும் நாள், நேரம், இடம், படகுகளின் எண்ணிக்கை, பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவற்றை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எல்லைக் கடல் நமக்குத் தொலைவில் இல்லை. பழக்கமில்லாத பாய்களைப் பார்த்து யாரும் குழம்பக் கூடாது.

போட்டி நாளன்று காலையில் மூன்று விஷயம் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண் கூண்டாக இருந்தாலும், போட்டி இல்லை. மீன்வளத்துறை அன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை என்றாலும் இல்லை. வானிலை அறிக்கையில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் என்று வந்தாலும் இல்லை. இதில் விவாதத்துக்கு இடம் வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள், சாப்பாடு சொல்லியாகிவிட்டது என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது.

இந்த மூன்றும் சரி என்றால் கரையில் நின்று காற்றைப் பாருங்கள். அதிகாலையில் வடக்கிலிருந்து லேசாக வரும். வெயில் ஏற ஏற வடகிழக்குக்குச் சாய்ந்து வலுக்கும். அலைத் தலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம்: எல்லாருக்கும் ஏற்றது. கடல் முழுக்க நுரை பூத்திருந்தால் 30-ஐ நெருங்குகிறது: ஆப்டிமிஸ்ட் பிள்ளைகளைக் கரையில் வைத்துக்கொண்டு பெரியவர்களை மட்டும் விடுங்கள். 35-ஐத் தாண்டினால் யாரும் வேண்டாம். ஒன்பதரைக்கு முதல் ஓட்டம், பன்னிரண்டுக்குள் கடைசி ஓட்டம் என்று வைத்தால், காற்று ஏறுமுகத்தில் இருக்கும்போது தொடங்கி அது உச்சத்துக்குப் போகுமுன் முடித்துவிடலாம்.

படகைத் தயார் செய்வது

ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளமுள்ள பெட்டி மாதிரியான படகு. 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. முதலில் பார்க்க வேண்டியது உள்ளே கட்டியிருக்கும் மூன்று காற்றுப் பைகள். முந்தின நாள் மாலையே ஊதி வைத்து, காலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்தப் படகு அன்றைக்கு இறங்கக் கூடாது. கவிழ்ந்து நிமிர்ந்த ஆப்டிமிஸ்டின் உள்ளே முழுக்கத் தண்ணீர் இருக்கும். காற்றுப் பை இல்லாவிட்டால் விளிம்பு வரை அமிழ்ந்துவிடும், எவ்வளவு இறைத்தாலும் தீராது. தண்ணீர் இறைக்கும் குவளையைக் கயிறு போட்டுப் படகோடு கட்டுங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நல்ல மிதக்கும் கயிறு எட்டு மீட்டர், இழுத்துவருவதற்கு.

லேசருக்கு, இப்போது ஐஎல்சிஏ என்கிறார்கள், உடல் ஒன்றுதான்: 4.2 மீட்டர். பாய் மூன்று அளவு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். வாடைக் காலத்தில் பாய் அளவில் கௌரவம் பார்க்காதீர்கள். 60 கிலோ எடையுள்ள ஆள் 7.06 பாயைக் கட்டிக்கொண்டு 28 கிலோமீட்டர் காற்றில் போனால் ஓட்டப்போவதில்லை, படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவார். ஒரு அளவு இறங்கினால் அதே ஆள் முன்வரிசையில் வருவார். பின்பக்கத் தக்கையைத் திருகியிருக்கிறதா என்று இறக்குமுன் கை வைத்துப் பாருங்கள். சுக்கானை வண்டியிலிருந்து எடுத்து மாட்டுகிற அவசரத்தில் அதன் பிடிப்புத் தகடு சரியாக விழாமல் போகலாம். படகு கவிழ்ந்ததும் சுக்கான் கழன்று மிதக்கும்.

காற்று ஏறினால் பாயைத் தட்டையாக்க வேண்டும். பாயின் அடியில் கிடையாக நிற்கும் கம்பு பூம். அதைக் கீழே இழுக்கும் வாங் கயிற்றை நன்றாக இறுக்குங்கள். பாயின் முன்விளிம்பை இழுக்கும் கன்னிங்ஹாமையும், பூமின் கடைசிக்கு இழுக்கும் அவுட்ஹாலையும் பிடியுங்கள். பாயின் தொப்பை குறையக் குறைய படகின் சாய்வு குறையும். இதையெல்லாம் கரையிலேயே ஒருமுறை இழுத்துப் பழகிவிட்டுப் போங்கள். ஈரக் கையோடு அலையில் ஆடிக்கொண்டு கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை.

தடம் போடுவது

காற்றுக்கு மேலே, அதாவது காற்று வரும் பக்கம், ஒரு மிதவை, கீழே ஒரு மிதவை, இரண்டுக்கும் நடுவே 400 மீட்டர். இரண்டு சுற்று. மிதவைகளை இடப்பக்கமாக விட்டுச் சுற்ற வேண்டும். இந்தப் பருவத்துக்கு இது போதும். முக்கோணம், நாற்கோணம் என்று போட்டால் பாதுகாப்புப் படகு சுற்றவேண்டிய பரப்பு பெருகிவிடும்.

மிதவைக்கு மூடியை இறுக்கிய 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைச் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு மூங்கிலைச் செருகி, அடியில் ஒரு கல்லும் மேலே ஆரஞ்சுத் துணியும் கட்டினால் தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும். கறுப்பு, சிவப்புத் துணி வேண்டாம்; வலைக் கொடி என்று நினைத்துவிடுவார்கள். நங்கூரத்துக்கு இரும்பு போடாமல் மணல் மூட்டை போடுங்கள். அடியில் கடல்புல் படுகை. இரும்பு அதைப் பெயர்த்துக்கொண்டே நகரும். ஒரு மூட்டை அலைக்கு இழுபட்டால் இரண்டு கட்டுங்கள். கயிறு ஆழத்தைப்போல மூன்று மடங்கு.

ஆழம்தான் வடகடலின் பெரிய சிக்கல். இடுப்பளவு தண்ணீர் எங்கேயோ வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகைதான் நடுப்பலகை. லேசரில் அது முழுசாக இறங்க ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு மீட்டர் ஆழத்தில் படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் பாய்மர நுனி சேற்றில் குத்தி நிற்கும், அடுத்த அலை படகைத் தூக்கிப் போடும்போது மரம் வளையும் அல்லது முறியும். முடிந்தால் பாய்மரத்தின் நீளத்துக்கு மேல் ஆழம் உள்ள இடம் பாருங்கள். அவ்வளவு தூரம் வெளியே போக முடியாத இடத்தில், பாய்மரத் தலையில் ஒரு மிதவை கட்டிவிடுங்கள். படகு பக்கவாட்டில் படுக்குமே தவிரத் தலைகீழாகாது. ஆழத்தை முந்தின நாளே நாட்டுப்படகில் போய் ஒரு கம்பால் குத்திப் பாருங்கள்.

தொடக்கக் கோடு கீழ் மிதவைக்குக் கொஞ்சம் மேலே. வலப்பக்கம் நடுவர் படகு, இடப்பக்கம் ஒரு சிறு மிதவை, இரண்டுக்கும் நடுவே எல்லாப் படகுகளின் நீளத்தையும் கூட்டி அதைப்போல ஒன்றரை மடங்கு. பத்து லேசர் என்றால் 63 மீட்டர். கோடு காற்றுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று நடுவர் படகில் ஒரு நூல் கட்டிப் பாருங்கள். ஒரு முனை காற்றுக்கு நெருக்கமாக இருந்தால் எல்லாரும் அங்கேயே முட்டிக்கொள்வார்கள்.

பாதுகாப்புப் படகும் ஆட்களும்

ஐந்தாறு படகுக்கு ஒரு பாதுகாப்புப் படகு. எஞ்சின் வைத்த பைபர் நாட்டுப்படகு போதும். ஓட்டுபவர் அந்தக் கரையில் தொழில் செய்கிறவராக இருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து ஆளைத் தூக்கப் பக்கவாட்டில் ஒரு கயிற்று ஏணியோ சுருக்குக் கயிறோ இருக்கட்டும். ஒரு கூர்மையான கத்தி, இருபது மீட்டர் கயிறு, முதலுதவிப் பெட்டி, காய்ந்த துண்டு, போர்வை, தண்ணீர், உறையில் போட்ட கைபேசி. அதில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் பதிந்திருக்க வேண்டும். ஆளை நெருங்கியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துங்கள்.

இறங்கும்போது ஒரு பலகையில் பெயருக்கு எதிரே ஒரு கோடு, ஏறும்போது இன்னொரு கோடு. கரையில் ஒருவர் இந்த வேலையை மட்டும் பார்க்க வேண்டும். உயிர்காப்பு உடை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. "நான் கடல்லயே பொறந்தவன்" என்கிறவருக்கும் இது பொருந்தும்.

தொடக்கம்

முறையான வரிசை ஐந்து நிமிடம். தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது அந்தப் படகு வகையின் கொடி, ஏறும், ஒரு ஊதல். நான்கில் நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி ஏறும், ஒரு ஊதல். ஒன்றில் அது இறங்கும், நீளமாக ஒரு ஊதல். பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும், ஊதல், ஓட்டம் தொடங்கும். கணக்குக் கொடிக்குத்தான், வாடையில் ஊதல் சத்தம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. யாராவது கோட்டை முன்னதாகத் தாண்டினால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடியை ஏற்றி இன்னொரு ஊதல். அவர் திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். ஊர்க் கிளப்பில் மூன்று நிமிட வரிசை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் நனைந்துபோய்க் காத்திருக்கும் நேரம் குறையும். எதை வைத்தாலும் அன்று காலையில் கூட்டி வைத்துச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டுகிறவருக்கு: கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கு ரொம்பக் கீழே இறங்கிவிடாதீர்கள். இந்த அலையில் நின்றுபோன படகு வேகம் பிடிக்க நேரமாகும். கடைசிப் பத்து நொடியில் பாயை இழுத்துப் பிடித்து ஓடிக்கொண்டே கோட்டைத் தாண்டுகிறவர்தான் முதல் நூறு மீட்டரில் சுத்தமான காற்றில் இருப்பார். அடுத்தவர் பாயின் நிழலில் மாட்டினால் உடனே திரும்பி வெளியே வாருங்கள்.

யார் யாருக்கு வழி விடுவது

விதிப் புத்தகம் தடிமனானது. ஆனால் நான்கு விதி தெரிந்தால் ஊர்ப் போட்டியில் தாராளமாக ஓட்டலாம். காற்று வலப்பக்கத்திலிருந்து வாங்குகிற படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து வாங்குகிற படகு ஒதுங்க வேண்டும். பூம் இடப்பக்கம் கிடந்தால் உங்களுக்கு உரிமை, "ஸ்டார்போர்டு!" என்று உரக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று, பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள் என்றால், காற்றுக்கு மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு ஒதுங்க வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவருக்கு ஒதுங்க வேண்டும். மிதவையை நெருங்கும்போது மூன்று படகு நீளத்துக்குள் வந்த கணத்தில் யார் உட்பக்கம் பக்கவாட்டில் இருக்கிறாரோ அவருக்குச் சுற்ற மற்றவர் இடம் கொடுக்க வேண்டும். பிந்தி வந்து மூக்கை நுழைத்தால் உரிமை இல்லை.

தவறு செய்தவர் உடனே விலகி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே ஊட்டுங்கள். கரையில் வந்து சண்டை போடுகிற வேலையே இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் விதி ஒன்று இருக்கிறது: ஆபத்தில் இருக்கிறவருக்கு முடிந்த உதவியைச் செய்தே ஆக வேண்டும், ஓட்டம் போனாலும்.

வாடையில் ஓட்டுவது

வடகடல் அலை உயரமில்லை, ஆனால் நெருக்கமானது. ஒன்றிலிருந்து அணியம் இறங்குமுன் அடுத்தது முகத்தில் அடிக்கும். காற்றை ஒட்டி ரொம்ப நெருக்கிப் பிடித்தால் மூன்று அலையில் படகு நின்றுவிடும். அதனால் காற்றிலிருந்து ஒரு விரல்கடை விலகிப் பிடியுங்கள். தூரம் கொஞ்சம் கூடும், வேகம் அதைவிட அதிகமாகக் கூடும். அணியம் அலை மேல் ஏறும்போது படகைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்புங்கள், உச்சியில் உடம்பைப் பின்னால் சாய்த்துப் படகைக் கீழே திருப்புங்கள். காற்று அறைந்தால் முதலில் உடம்பை வெளியே தள்ளுங்கள், போதாவிட்டால் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டை ஒரு சாண் விடுங்கள், உடனே திரும்ப இழுங்கள். படகு தட்டையாக இருக்க வேண்டும். சாய்ந்து போகிற படகு பார்க்க வீரமாக இருக்கும், பக்கவாட்டில்தான் போய்க்கொண்டிருக்கும்.

திசை திரும்புவதற்கு அலை சற்று ஓய்ந்த இடம் பாருங்கள். பெரிய அலை வரிசை மூன்று நான்காக வந்து, பிறகு ஒரு இடைவெளி வரும். அங்கே திரும்புங்கள்.

நீரோட்டத்தை மறக்காதீர்கள். தொடங்குமுன் மிதவையின் அருகே ஓடும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது, கயிற்றின் பக்கத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பாருங்கள். ஆழம் குறைந்த கரைப் பக்கம் நீரோட்டம் மந்தமாகவும் வெளியே வேகமாகவும் இருக்கும். எதிர்த்துப் போகும்போது கரையை ஒட்டுங்கள். கூட வரும்போது வெளியே போங்கள்.

வேகம் திடீரென்று செத்துப்போனால் முதலில் நடுப்பலகையைச் சந்தேகப்படுங்கள். புயல், பெருங்காற்று அடித்து ஓய்ந்த பிறகு பிய்ந்த கடல்புல் கொத்துக் கொத்தாக மிதக்கும். ஒரு கைப்பிடி சுக்கானில் சுற்றிக்கொண்டாலே பிரேக் போட்ட மாதிரி ஆகும். பின்னால் திரும்பி சுக்கானின் முன்விளிம்பைப் பாருங்கள். நடுப்பலகையை ஒருமுறை அரைவாசி தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு மிதவை சுற்றிய பிறகும் இதைச் செய்கிற பிள்ளை, செய்யாத பெரியவரை முந்தும்.

காற்றோடு கீழே வரும்போது நடுப்பலகையைப் பாதி தூக்கி, பின்னால் நகர்ந்து உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால் அணியம் முன்னலையில் குத்தி, படகு குட்டிக்கரணம் போடும். ஜைப், அதாவது காற்றோடு ஓடும்போது பாயை மறுபக்கம் மாற்றுவது, செய்யும் நேரம் படகு வேகமாக ஓடும் நேரம்தான்; மெதுவாக இருக்கும்போது செய்தால் பூம் வந்து மண்டையில் விழும்.

வடகிழக்கில் கறுத்த மேகம் ஒரு கோடு மாதிரி இறங்கி, அதன் அடியில் கடல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் மழை வருகிறது. அதற்கு முன் காற்று சில நிமிடம் விழும். அந்த அமைதியை நம்பாதீர்கள். நடுவர் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை ஏற்றி ஓட்டத்தைக் கைவிட்டு எல்லாரையும் கரைக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிடம் முன்னால் அனுப்பினால் குறை சொல்வார்கள்; சொல்லட்டும்.

கவிழ்ந்தால்

படகை விடாதீர்கள். நீந்திக் கரைக்குப் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். மெயின்ஷீட்டையும் வாங் கயிற்றையும் தளர்த்தி, சுற்றி நீந்தி நடுப்பலகையைப் பிடித்து, அணியம் காற்றைப் பார்க்கும் வரை எடை கொடுத்துக் காத்திருங்கள். பிறகு பலகையில் ஏறிச் சாய்ந்தால் நிமிரும். எவ்வளவு சீக்கிரம் பலகைக்குப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. தாமதித்தால் மரம் சேற்றுக்குப் போகும். குத்திக்கொண்டுவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். கையை உயர்த்துங்கள், பாதுகாப்புப் படகு வந்து அணியத்தைப் பிடித்துக் காற்றுப் பக்கம் மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

ஆழமில்லாத தண்ணீரில் குதிக்காதீர்கள், காலைத் தூக்கி வைத்தும் நடக்காதீர்கள். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். பாதத்தை இழுத்து இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறி மீன் பட்டால் அரிக்கும் இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவுங்கள்.

கரையேறும்போது இடுப்பளவு ஆழத்தில் பலகையைத் தூக்கி, படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தி, கடல் பக்கமாக இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது. 59 கிலோ லேசர் உடலை ஒரு அலை தூக்கி முழங்காலில் வைத்தால் அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது.

குளிர்

நம் ஊரில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் நனைந்த பருத்திச் சட்டையோடு வாடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். நனைந்த உடம்பில் காற்று பட்டால் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி வேண்டாம், உடம்போடு ஒட்டும் செயற்கை இழைச் சட்டை, மேலே காற்றுப் புகாத மெல்லிய நைலான் மேலாடை, தலைக்குத் தொப்பி. பழைய மழைக்கோட்டைக் கையையும் இடுப்பையும் வெட்டிக் கட்டினாலும் வேலை நடக்கும். ஒல்லிப் பிள்ளைகளைக் கவனியுங்கள். உதடு வெளுத்து, பற்கள் தந்தியடித்து, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னால் அந்தப் பிள்ளையின் ஓட்டம் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு ரேஸ் அங்கிள்" என்று கெஞ்சினாலும் விடாதீர்கள். ஈரத்தைக் களைந்து, துடைத்து, போர்வை சுற்றி, சூடாகச் சுக்குமல்லிக் காபி கொடுங்கள். வெறும் வயிற்றில் யாரையும் இறக்காதீர்கள். இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து இறங்கினால் சரியாக இருக்கும்.

புள்ளிக் கணக்கு

முதலாவது வந்தவருக்கு 1, இரண்டாவதுக்கு 2, அப்படியே. முடிக்காதவர், தொடங்காதவர், முன்னதாகத் தாண்டித் திரும்பாதவர் ஆகியோருக்குத் தொடரில் பதிந்த மொத்தப் படகை விட ஒன்று கூட. தொடர் முடிவில் குறைந்த கூட்டுத்தொகை வெற்றி. மோசமான ஒரு ஓட்டத்தைக் கழித்துவிடலாம். ஒருவர் 3, 1, 7, 2, 2 என்று வந்தால் 7-ஐக் கழித்து 8. சின்ன ஓட்டம் நிறைய வைப்பதில் இருக்கிற நியாயம் இதில் தெரியும்: ஒரு தடவை கடல்புல் சிக்கியதால் யாருடைய பருவமும் வீணாகாது.

வேறு வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடினால் ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்தப் படகு வகையின் போர்ட்ஸ்மவுத் எண்ணால் (வேகத்தை ஒப்பிட ஒவ்வொரு வகைக்கும் தரப்பட்ட எண்) வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, எண் 1100 உள்ள படகு 33 நிமிடத்தில் வந்தால் கணக்கு 30 நிமிடம். 1150 உள்ள படகு 35 நிமிடத்தில் வந்தால் 30 நிமிடம் 26 நொடி. பின்னால் வந்தவர் எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்று பாருங்கள். ஆனால் ஆப்டிமிஸ்ட் பிள்ளைகளை இதில் கலக்காதீர்கள், அவர்களுக்குத் தனி ஓட்டம் வையுங்கள்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 4 படகில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், போபால் ஏரியில் பழகியவர். அதே போட்டியில் ஐஎல்சிஏ 7-இல் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனும், டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் ஒலிம்பிக் போன நேத்ரா குமணனும் நம் மாநிலத்தவர். காற்றின் பெயரைச் சொல்லியே வளர்கிற நம் கரையோரப் பிள்ளைகளுக்கு வேண்டியது படகும், ஒழுங்காக நடக்கிற போட்டியும்தான். கிளப்பில் சேரும் கட்டணத்தை மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். பதிலுக்கு அவர்களுடைய தாத்தாக்களை நடுவர் படகில் உட்கார வையுங்கள். மழை எப்போது இறங்கும் என்று கைபேசியைவிட அவர்கள் முன்னால் சொல்வார்கள்.

கரையேறிய பிறகு

உப்பைக் கழுவாமல் மூடிய படகு அடுத்த போட்டிக்கு வராது. நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீரைக் குழாய் போட்டு அடிக்க முடியாது. படகுக்கு இரண்டு வாளி போதும், வரிசை தெரிந்தால். முதல் வாளியில் பஞ்சை நனைத்துக் கப்பிகள், சுக்கானின் பிடிப்புகள், பூம் பாய்மரத்தில் சேரும் இடம், கயிறுகள். அதே தண்ணீரில் உயிர்காப்பு உடைகளின் கொக்கி. இரண்டாவது வாளியைப் பாயின் கீழ்ப்பாதியிலும் படகின் மேல்தளத்திலும் மெதுவாக ஊற்றித் துடையுங்கள். அடிப்பாகத்துக்குக் கடல் தண்ணீரே போதும். பாயை வெயிலில் காயப் போடாதீர்கள், சவுக்கு நிழலில் போடுங்கள். காற்றில் படபடக்க விட்டுக் காயவைத்தாலும் துணியின் உயிர் போய்விடும். காய்ந்ததும் பூமோடு சேர்த்து உருட்டுங்கள். தக்கையைத் திறந்து, படகைச் சற்றுச் சாய்த்து, உள்ளே இறங்கிய தண்ணீரை வடியவிடுங்கள். அரைக் குவளைக்கு மேல் வந்தால் எங்கோ விரிசல். சுண்ணக்கட்டியால் படகின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள், பழுது பார்க்கிறவர் வாரநாளில் வந்து பார்த்துக்கொள்வார்.

மிதவைகளையும் மணல் மூட்டைகளையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலை அந்த வழியாக வலை விடப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.